கைராசி உப்பு

பன்னிரண்டு பேட்டரிகள் செத்துப்போயின. பன்னிரண்டு பேட்டரிகள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உப்பு, ஒரே உலோகத் தாள், ஒரே சூட்டு அறை. செத்தவை அத்தனையும் நாத்தனார் செய்தவை. பிழைத்தவை அத்தனையும் அண்ணி செய்தவை. இதற்கு என்ன காரணம் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அண்ணியை அங்கே எல்லோரும் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய சோதனை பேட்டரிகளுக்குள் நாலு சொட்டுத் திரவம் விட்டு மூடுவது அவள் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். காற்றும் ஈரமும் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், அதன் முகப்பில் தொங்கும் தடித்த ரப்பர் கையுறைகளில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, நாள் முழுக்க நின்றபடியே அதைச் செய்ய வேண்டும். பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள். அவள் விட்ட சொட்டு ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று பேச்சு வந்ததே இல்லை.

நாத்தனார் அவள் புருஷனின் தங்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சொட்டக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். நல்ல கெட்டிக்காரி, நிதானமான கை. அதனாலேயே இந்தப் பன்னிரண்டு சாவு சொட்டக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. சிபாரிசு செய்த வாய் அவளுடையதாயிற்றே.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவர் உப்பு டாக்டர். பேட்டரி உப்புகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் குடியிருந்த தெருவில் புதிதாக வந்தவர்கள் அவரிடம் போய் ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். அவரும் குறைங்க என்றே சொல்லிவிடுவார்.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் ஓர் உப்பு கரைந்திருக்கிறது. அது வழியாகத்தான் லித்தியம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. உலகம் பூராவும் பல காலமாக ஒரே உப்பைத்தான் போட்டு வருகிறார்கள். லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் என்று ரயில் நீளத்துக்கு அதற்குப் பெயர். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாகப் 'பழையது'. அதனிடம் இரண்டு கெட்ட குணங்கள். சூடு தாங்காது, துளி ஈரம் பட்டாலும் அமிலமாகக் கக்கும். இப்போது ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்குப் பேட்டரி வேண்டும். வண்டிக்குள் இருக்கும் சுவாசக் கருவிக்கு. வண்டியோ பகல் பூராவும் வெயிலில் நிற்கும். ஆகவே பழையதை விட்டுவிட்டு, சூட்டுக்கு அசராத வேறோர் உப்பை உப்பு டாக்டர் எடுத்துக்கொண்டார். அது 'புதியது'. புட்டிகளின் மேல் அவர் பேனாவால் பழையதற்கு 'ப' என்றும் புதியதற்குப் 'பு' என்றும் எழுதி வைப்பார்.

நாத்தனாருடைய பேட்டரிகள் செத்த விதமும் விசித்திரமாக இருந்தது. சார்ஜ் ஏற்றினால் ஏற்றிக்கொண்டே இருந்தன. எவ்வளவு கொடுத்தாலும் நிறையவில்லை. திருப்பிக் கேட்டால் பாதிகூடத் தரவில்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தார் உப்பு டாக்டர். உள்ளே இருந்த அலுமினியத் தாள் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து கிடந்தது. அவர் முகம் தெளிந்தது. இந்தப் புது உப்பு அலுமினியத்தைத் தின்னும் என்று கேள்விப்பட்டதுதான், மின்னழுத்தம் கூடினால் தின்னுமாம், அதுதான் நடந்திருக்கிறது என்றார். பிறகு சொட்டக்கா செய்ததில் ஒன்றைப் பிரித்தார். தாள் பளபளவென்று புதுசாக இருந்தது. தெளிந்த முகம் மறுபடி இருண்டது.

"தின்னுதுன்னா ரெண்டையும் தின்னணும். இதை மட்டும் எப்படி விட்டுவெச்சுது?" என்று அவர் உப்பிடமே கேட்பதுபோலக் கேட்டார். 

முதலில் சந்தேகம் நாத்தனார் கைமேல்தான் விழுந்தது. சரியாகத் தூங்குகிறாயா, வீட்டில் ஏதாவது கவலையா என்று உப்பு டாக்டர் பக்குவமாக விசாரித்தார். பிறகு இருவரையும் பெட்டிக்கு முன்னால் அக்கம்பக்கமாக நிறுத்தி, ஆளுக்கு ஆறு செய்யச் சொல்லி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவரவர் புட்டியிலிருந்து அவரவர் சொட்டு விட்டார்கள். யார் செய்ததில் எது தவறு என்று பிற்பாடு கண்டுபிடிக்க வசதியாக, ஒருவர் புட்டியை இன்னொருவர் தொடக் கூடாது என்பது அங்கே விதி. இரண்டு புட்டியும் நிரம்பியது ஒரே பெரிய கேனிலிருந்துதான். நாத்தனார் கை நடுங்கவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஒரு வாரம் கழித்து நாத்தனாருடைய ஆறும் செத்தன. சொட்டக்காவுடைய ஆறும் பிழைத்தன.

அதற்குப் பிறகுதான் 'கைராசி' என்ற வார்த்தை கிளம்பியது. சூட்டு அறையைக் கவனித்துக்கொள்பவர் விளையாட்டாகத்தான் சொன்னார். வாசல் காவலாளி வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. புது இயந்திரம் வந்தால் முதல் பொத்தானைச் சொட்டக்காவை அழுத்தச் சொன்னார்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் இப்படிப் பேசலாமா என்று அவள் மேலுக்குக் கோபித்துக்கொண்டாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தது. பதினெட்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்தபோது ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காரணம் தெரியாமல் ஒன்று நடந்ததும் எல்லோரும் பார்க்கிறார்கள். சந்தோஷப்படுவதா, எரிச்சல் படுவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

விடுமுறை நாட்களில் நாத்தனார் அண்ணன் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிடுவாள். அந்த வாரமும் வந்தாள். சொட்டக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்த மேசையில் உப்புப் பேச்சு கூடாது, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் பேசலாம் என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பாத்திரம் கழுவும்போது நாத்தனார் கேட்டாள். "அண்ணி, ஒரு தடவை புட்டியை மாத்திப் பார்க்கலாமா? உங்க புட்டில நான், என் புட்டில நீங்க."

"விதி இருக்கே," என்றாள் சொட்டக்கா.

"டாக்டர்கிட்ட நீங்க சொன்னா ஒத்துக்குவார்."

சொட்டக்கா சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கினாள். மறுநாள் வேலைக்குப் போனபோது டாக்டரிடம் சொல்லவும் இல்லை. மறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை. மாற்றிப் பார்த்து, நாத்தனாருடையதும் பிழைத்துவிட்டால் கைராசி என்ன ஆகும் என்ற நினைப்பு ஒரு மூலையில் இருந்தது. அந்த நினைப்பை அவள் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

உப்பு டாக்டர் ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் காட்ட வேண்டிய பேட்டரிகளைச் சொட்டக்காவையே செய்யச் சொன்னார். மூடி போட்டு வெளியே வரும் பேட்டரிகளை இறுக்கி அழுத்தும் வேலைக்கு நாத்தனாரை மாற்றினார். பெட்டிக்குள் கைவிடும் வேலை அவளுக்கு இனி இல்லை. அவள் போய் அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். அன்று மாலை உடை மாற்றும் அறையில், காலணியைக் கழற்றியபடியே, வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றாள். சொட்டக்கா தேற்றினாள். வார்த்தைகள் வழவழவென்று வந்தன, ஒன்றிலும் பிடிப்பில்லை.

சொட்டக்காவின் புட்டி காலியாகும் தறுவாயில் இருந்தது. அடியில் மிச்சமிருந்த கொஞ்சத்தை அப்படியே வைத்துவிட்டு, சுத்தமான புதுப் புட்டி ஒன்றைப் பெரிய கேனிலிருந்து நிரப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். இருபது பேட்டரி செய்தாள். நாத்தனார் அழுத்தி மூடினாள். சூட்டு அறைக்குப் போயின.

ஆறாம் நாள் இருபதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தன. நிறையவில்லை.

சொட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் மூடியதால் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டாள். மூடுவதில் தவறு இருந்தால் கசிவு தெரியும், கசிவே இல்லை. அதே கை, அதே உப்பு, அதே நாலு சொட்டு. கைராசி போய்விட்டதா? போவதற்கு அது எங்கே இருந்தது? அன்று பூராவும் இந்தக் கேள்விகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சூட்டு அறைக்காரர், பரவாயில்லக்கா, நேரம் சரியில்லை என்றார். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரமாவது, ராசியாவது. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியது என்னவென்று தனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்க் கையுறைக்குள் கையை விட்டாள். பெட்டிக்குள் ஓரமாக நின்ற பழைய புட்டியை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தாள். மேலே எழுத்து பாதி அழிந்ததுபோல இருந்தது. உள்ளே இருக்கும் திரவம் வெளியே வழிந்தால் பேனா மையைத் துடைத்துவிடும்; இது வழக்கமாக நடப்பதுதான். எழுத்தின் கீழ்ப்பகுதியில் வழிந்த தடம் இருந்தது. மேலே 'ப' தெளிவாக இருந்தது. அதைப் 'பு' ஆக்கும் கீழ்க்கோடு இருந்து அழிந்ததா, ஆதியிலிருந்தே இல்லையா? புட்டியைச் சாய்த்தாள், திருப்பினாள். ஒரு பக்கம் பார்த்தால் கோடு இருந்த சாயல் தெரிந்தது. இன்னொரு பக்கம் பார்த்தால் வெறும் அழுக்கு.

முதல் பன்னிரண்டைச் செய்த அன்று என்ன செய்தோம் என்று யோசித்தாள். வரிசையில் கால்வாசி நிரம்பிய புட்டி ஒன்று நின்றது. 'பு' என்று எழுதியதில் கீழ்க்கோடு அழிந்திருக்கிறது என்று நினைத்து, அதன் மேலேயே கேனிலிருந்து ஊற்றி நிரப்பினாள். அப்படித்தான் செய்தாளா? அப்படித்தான் இருக்க வேண்டும். உண்மையில் அது 'ப' என்றால், அவள் புட்டியில் இருந்தது புதிய உப்பு மட்டும் இல்லை. யாரைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டார்களோ, அந்தப் பழையது அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆனால் பழையதுதானே கெட்டது? சூடு தாங்காதது, அமிலம் கக்குவது அதுதானே? அது கலந்த பேட்டரி முதலில் செத்திருக்க வேண்டும், அதுவா பிழைத்தது? தெளிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் மறுபடி குழம்பியது. 

பேசாமல் கழுவி வைத்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை. கைராசி வந்தது, போனது என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். கழுவும் தட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் புட்டியை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. மூடியை இறுக்கித் தனியாக வைத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போய் நாத்தனாருக்காகக் காத்திருந்தாள்.

நாத்தனார் வந்து மேலங்கியை மாட்டிக்கொள்ளும்போதே சொல்லிவிட்டாள். மென்று முழுங்காமல் சொன்னாள்: புட்டி, எழுத்து, ஊற்றியது எல்லாம். புட்டியை மாற்றலாம் என்று நீ கேட்டபோது நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை, மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

நாத்தனார் மேலங்கியின் ஒரு கையை மாட்டியபடி அப்படியே நின்றாள். "அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அஞ்சு வாரம், அண்ணி. கண்ணாடி முன்னாடி நின்னு என் கையையே பார்த்துட்டு இருந்தேன், நடுங்குதான்னு."

 மன்னித்துவிடு என்ற வார்த்தை சொட்டக்காவின் நாக்கு நுனிவரை வந்து, இதற்கு அது போதாது என்று திரும்பிப் போய்விட்டது. நாத்தனார் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டாள். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு, வாங்க, டாக்டரிடம் போகலாம் என்று முன்னால் நடந்தாள்.

உப்பு டாக்டர் கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திட்டப்போகிறார் என்று சொட்டக்கா தலையைக் குனிந்தாள். அவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இரண்டில் எதைச் செய்வதென்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. சாதாரணமாகப் பேட்டரிக்குள் அலுமினியத்தைக் காப்பாற்றுவது யார் தெரியுமா, அந்தப் பழைய உப்புதான் என்றார். அது லேசாகச் சிதைந்து கக்கும் அமிலம் தாளின்மேல் மெல்லிய ஏடு போலப் படிந்துவிடும். அந்த ஏடு இருக்கும்வரை புது உப்பால் தாளைத் தொட முடியாது. எதைக் கெட்ட குணம் என்று சொல்லித் துரத்தினோமோ அதுதான் காவல் காத்திருக்கிறது. கொஞ்சம் பழையதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன், ஒரு துளிகூடப் பழையது வேண்டாம் என்ற பிடிவாதத்தில் அந்தப் பக்கமே போகவில்லை என்று தலையைச் சொறிந்தார்.

"எவ்வளவு இருந்துச்சு புட்டில?" என்று கேட்டார்.

"கால்வாசி இருக்கும், சார். அதுக்கும் கம்மியா இருக்கலாம். சத்தியமா தெரியல."

புட்டியில் மிஞ்சியிருந்ததைப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். புதிய உப்பில் பாஸ்பரஸ் கிடையாது, பழையதில் உண்டு. இரண்டு நாளில் பதில் வந்தது. பாஸ்பரஸ் இருந்தது. கீழ்க்கோடு அழியவில்லை, அந்தப் புட்டிக்குக் கோடே கிடையாது.

பிறகு வேலை முறையாக நடந்தது. நூற்றுக்கு இரண்டு பங்கு பழையது, ஐந்து பங்கு, பத்து, இருபது என்று அளந்து கலந்தார்கள். எல்லாப் புட்டியிலும் முழு வார்த்தையாக எழுதினார்கள். எந்தப் புட்டியில் எந்தக் கலவை என்று சொட்டு விடுகிறவருக்குத் தெரியாது. நாத்தனார் பாதி, சொட்டக்கா பாதி செய்தார்கள். இரண்டு மாதம் சூட்டு அறையில் ஓடின. இரண்டு பங்கு போதவில்லை. இருபது பங்கு தாளைக் காப்பாற்றியது, ஆனால் சூட்டில் வீங்கியது. ஐந்தும் பத்தும் நின்றன. அவற்றில் ஐந்து நன்றாகவே நின்றது. நாத்தனார் செய்ததும் சொட்டக்கா செய்ததும் ஒன்றுபோலவே இருந்தன. யாருடையது எது என்று பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. கால்வாசி கலந்த அந்த முதல் பேட்டரிகள் ஏன் வீங்கவில்லை என்று சூட்டு அறைக்காரர் கேட்டார். அவை இரண்டு மாதம் ஓடவில்லையே, ஒருவேளை பிற்பாடு வீங்கியிருக்கும் என்றார் டாக்டர். அந்த 'ஒருவேளை' அவருக்கே பிடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் தாமதத்துக்கு முணுமுணுத்தார்கள். அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்றார் உப்பு டாக்டர். எழுதியும் விட்டார். கையெழுத்துப் போடச் சொட்டக்காவையும் நாத்தனாரையும் கூப்பிட்டு, படித்துப் பாருங்கள் என்று கொடுத்தார். 'பழைய உப்பு தற்செயலாகக் கலந்ததில்' என்று ஓர் இடத்தில் இருந்தது. சொட்டக்கா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்து 'தற்செயலாக' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தவறுதலாக' என்று எழுதினாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்," என்றாள் சொட்டக்கா. ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் அவளால் விளக்கியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை.

நாத்தனார் தாளைத் தன் பக்கம் இழுத்து, திருத்தியதைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். உண்மை வெளிப்பட்ட வாரமே பெட்டி வேலைக்குத் திரும்பியிருந்தாள். விடுமுறை நாட்களில் சாப்பிட வருவது மட்டும் ஒரு மாதம் நின்றிருந்தது.  பிறகு ஒரு நாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தாள்.

அன்று புருஷன் கேட்டார், கடைசியில் நீ செய்தது நல்லதா கெட்டதா, ஒன்றைச் சொல்லு என்று. சொட்டக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "அதை இன்னும் நாங்க முடிவு பண்ணலண்ணா," என்றாள்.